மாற்றும் முத்திரையும்

பொன்னையும் ஓட்டாஞ்சில்லையும் ஒரே பார்வையால் பார்ப்பதே அடியார்க்கு இலக்கணம் என்று வகுத்த சமயத்தில் பிறந்து, நாள்தோறும் திருநீறு பூசிக்கொண்டு, பழங்காசுகளைத் தேடித் தேடிப் பேழையில் சேர்த்து வைத்திருப்பது எவ்வகையில் பொருந்தும் என்று நண்பர்கள் சிலர் என்னைக் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் அதனுள் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது. எதன்மேல் ஆசை வைக்கலாகாது என்று சமயம் உபதேசிக்கிறதோ, அதன்மேலேயே தெய்வத்தின் திருவுருவத்தை நம் முன்னோர் பொறித்து வைத்தார்களே, அது ஏன்? தெய்வம் ஏறியதனால் காசு புனிதமாயிற்றா? காசில் ஏறியதனால் தெய்வம் மலிந்ததா? இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் காசு சேர்க்கத் தொடங்கினேன் என்று சொன்னால் அது பொய்; ஆசை முந்தி வந்தது, விசாரணை பிந்தி வந்தது.

என் பேழையில் இருப்பவை பெரும்பாலும் செம்பே. அவற்றில் ஒன்று ராஜராஜன் பெயர் பொறித்த காசு. ஒரு புறம் நிற்கும் உருவம். மறுபுறம் அமர்ந்த உருவம். அதன் கையருகே நாகரி லிபியில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்ற எழுத்து. உருவத்தை அரசன் என்றே பொதுவாகச் சொல்லுகிறார்கள். ஆனால் சில கோடுகளும் புள்ளிகளுமாக அமைந்த அந்த வடிவத்தைக் கொண்டு எந்த மனிதனையும் அடையாளம் காண முடியாது. சோழர் ஆட்சி இலங்கையை விட்டு அகன்ற பின்னரும், பராக்கிரமபாகு முதலிய அந்நாட்டு மன்னர்கள் இதே அமைப்பை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றி அச்சிட்டார்கள். லீலாவதி என்ற அரசியும் அவ்வாறே செய்தாள். பகைவன் விட்டுப்போன அச்சு என்று யாரும் அதை ஒதுக்கவில்லை. கடைவீதிக்குப் பழகிப்போன வடிவத்தை மாற்றுவது ஒரு சிங்காசனத்தைக் கைப்பற்றுவதைக் காட்டிலும் கடினமான காரியம் போலும்!

கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்ததாகச் சொல்லி ஒருவர் கொடுத்த ரோமானியச் செப்புக்காசு ஒன்றும் இருக்கிறது. சக்கரவர்த்தியின் முகம் தேய்ந்து, தலை இருந்த இடம் ஒரு மேடாக மட்டுமே எஞ்சியிருக்கிறது. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் என் நினைவு புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த கருக்காக்குறிச்சிக்குப் போய்விடும். 1898-ஆம் ஆண்டில் அங்கே ஒரு புதையலாக 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரையிலான சக்கரவர்த்திகள் காலத்தவை அவை. அவற்றுள் மிகப் பலவற்றில் அரசனுடைய தலையின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. உள்ளே வேறு உலோகம் உண்டா என்று சோதிப்பதற்கு வெட்டியது என்பார் ஒருவர். இனி இது நாணயமாகச் செல்லாது என்று அறிவிப்பதற்கு வெட்டியது என்பார் மற்றொருவர். எந்தக் காரணமாயினும், கடல் கடந்து வந்த அந்தப் பிரபுக்களிடம் நம் நாட்டார் வேண்டியது பொன்னையே அன்றி முகத்தை அன்று என்பது தெளிவு. தன் நாட்டில் தெய்வமாக்கிக் கோயில் கட்டி வணங்கப்பட்ட அகஸ்டஸின் தலைக்கு இந்த மண்ணில் அவ்வளவுதான் மதிப்பு.

இதற்கு நேர்மாறான கதையைச் சொல்லுவது என்னிடமுள்ள வெள்ளிக் கால் வராகன். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1808-ஆம் ஆண்டை ஒட்டி அச்சிட்டது. ஒரு புறம் நட்சத்திரங்கள் சூழ்ந்த கோபுரம். மறுபுறம் தாமரையிலிருந்து எழும் திருமால். சுற்றிலும் ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு பாஷைகளிலும் எழுத்து. ஞாயிறு தவறாமல் மாதாகோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த வர்த்தகர்கள், தங்கள் மதம் விக்கிரகம் என்று விலக்கிய உருவத்தைத் தாங்களே அச்சிட்டு விநியோகம் செய்தார்கள்! பக்தியினால் அன்று, திருமாலை நம்பிய ஜனங்கள் கம்பெனியை நம்புவதற்கு வேறு வழி இல்லாமையினால். கடன் கேட்பவன் ஊரில் மதிப்புள்ள ஒருவரைப் பிணையாக அழைத்து வருவதில்லையா? அதுபோல வந்து நின்ற பெருமாள் அவர். கம்பெனியாருக்கு வேரூன்றிய பிறகு பிணை வேண்டியிருக்கவில்லை. 1835-ஆம் ஆண்டில் இந்தியா முழுமைக்கும் பொதுவாக வெளியிட்ட ரூபாயில் நான்காம் வில்லியம் மன்னரின் தலையே ஏறிவிட்டது. தலையை மட்டும் போட்டால் வம்பு இல்லை என்பதும் சரியன்று. 1911-ஆம் வருஷத்து ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மேலங்கிமீது கிடந்த சங்கிலியில் இருந்த யானை, பார்ப்பவர் கண்ணுக்குப் பன்றியாகத் தெரிந்து முஸ்லிம்களின் மனத்தைப் புண்படுத்த, அந்த அச்சைத் திருத்தியமைக்க வேண்டியதாயிற்று. வராக மூர்த்தியின் பெயரையே பொன் நாணயத்துக்கு வைத்து நூற்றாண்டுக்கணக்கில் வழங்கிய தேசத்தில் இப்படி ஒன்று நேர்ந்தது விநோதந்தான்.

எல்லாவற்றினும் எனக்கு உயிரானது மிகச் சிறியதும், விலை மிகக் குறைந்ததுமான புதுக்கோட்டை அம்மன் காசு. சுண்டுவிரல் நகத்தைக் காட்டிலும் சற்றே பெரிய செம்பு. ஒரு புறம் அமர்ந்த திருக்கோலத்தில் பிரகதாம்பாள், மறுபுறம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்ற ஒரு சொல். திருக்கோகர்ணத்து அம்பிகையின் அடிமை என்ற பொருளில் ‘பிரகதாம்பாதாஸ்’ என்ற விருதைப் புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்கள் பூண்டிருந்தார்கள். 1738-ஆம் ஆண்டில் அவர்களுள் ஒருவரான விஜயரகுநாதர் காட்டில் திரிந்த மௌனியாகிய சதாசிவப் பிரமேந்திரரைச் சந்தித்தார் என்றும், வாய் திறவாத அம்மகான் மணலில் எழுதிக் காட்டிய உபதேசத்தை மணலோடு அள்ளிச்சென்று அரண்மனையில் வைத்துப் பூசித்தார் என்றும் அந்தச் சமஸ்தானத்தில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். நவராத்திரி நாட்களில் அரிசியோடு அம்மன் காசையும் தானமாக வழங்குவது அவ்வூர் வழக்கமாக இருந்தது. அரசன் தன் முகத்தைப் பொறிக்கவில்லை. நாடு யாருடையதோ அவளுடைய உருவத்தைப் பொறித்துவிட்டுத் தான் காரியஸ்தனாக ஒதுங்கிக்கொண்டான். பிற்காலத்தில் அந்தக் காசு பர்மிங்ஹாமில் இயந்திரத்தால் அச்சாகிக் கப்பலில் வந்தது என்பதை அறிந்தபோது முதலில் எனக்குச் சிறிது அருவருப்பாகவே இருந்தது. பிறகு யோசித்தால், கம்மியன் எந்தத் தேசத்தவனாயின் என்ன? கர்ப்பக்கிருகத்தில் இருக்கும் மூர்த்தியை நாம் போய்த் தரிசிக்க வேண்டும். இவளோ ஆசாரம் பாராமல், குளித்தவன் கையிலும் குளிக்காதவன் கையிலும், கோயில் வாசல் மூடப்பட்டவர்களின் கையிலும் போய்ச் சேர்ந்தாள்.

வேதாந்திகள் பொன்னையும் ஆபரணத்தையும் திருஷ்டாந்தமாகக் காட்டுவர். மண் ஒன்றை அறிந்தால் மண்ணாலான யாவற்றையும் அறிந்ததாகும், பொன்னுக்கும் அதுவே நியாயம் என்று உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு உபதேசித்ததைச் சாந்தோக்கிய உபநிஷதம் கூறுகிறது. நாமமும் ரூபமும் வந்து ஏறியவை, வஸ்து ஒன்றே மெய். காப்புக்கும் சங்கிலிக்கும் இது பொருந்துகிறது. ஆனால் அம்மன் காசின் முன்னே இந்தத் திருஷ்டாந்தம் தடுமாறுகிறது என்று பணிவோடு சொல்லுவேன். அம்மனை நீக்கிவிட்டு அந்தச் செம்புத் துணுக்கை மட்டும் நீட்டினால் கடைக்காரன் ஒரு வெற்றிலைகூடக் கொடுக்க மாட்டான். இங்கே நாமரூபமே மதிப்பு. வஸ்து அதைச் சுமக்கும் வாகனம் மாத்திரம். கருக்காக்குறிச்சியிலோ வஸ்துவே எல்லாம். நாமரூபம் உளிக்கு இரையாயிற்று. ஆகவே நாணயம் என்பது உலோகமும் நம்பிக்கையும் ஒன்றையொன்று பற்றி நிற்கும் பொருள். தெய்வத்தை அதன்மேல் அமர்த்தியது பூசைக்காக அன்று, சாட்சிக்காக என்பது என் அபிப்பிராயம்.

சாட்சியாகத் தெய்வமே வந்துவிட்டது, இனி உரைகல் எதற்கு என்று சமயவாதிகள் கேட்கக் கூடும். நம் சைவப் பெரியோர் அப்படிக் கேட்கவில்லை. திருமுதுகுன்றத்தில் இறைவன் அருளிய பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்கிறது பெரியபுராணம். ஆற்றில் போட்டதைக் குளத்தில் எடுக்கலாம் என்று நம்புகிறவருக்கு வேறென்ன சந்தேகம் இருக்கக்கூடும்? ஆனால் ஆற்றில் இடுமுன் அவர் அந்தப் பொன்னில் ஒரு துண்டு மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார்! குளத்தில் எடுத்ததை அந்த மச்சத்தோடு ஒப்பிட்டபோது மாற்றுக் குறைந்தது. மறுபடியும் பாடி நேராக்கிக்கொண்டார். பொன்னை உரைத்துப் பார்த்தவர் என்று ஒரு பிள்ளையாரையே அவ்வூரில் மாற்றுரைத்த பிள்ளையார் என வணங்குகிறார்கள். நம்பிக்கையும் பரீட்சையும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியாது, திருவாரூரிலிருந்து வரவில்லை.

இதனினும் நுட்பமானது திருவீழிமிழலை வரலாறு. பஞ்ச காலத்தில் அடியார்கள் பட்டினி கிடவாதபடி, கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கும் மேற்குப் பீடத்தில் அப்பருக்கும் நாள்தோறும் ஒரு காசு வைப்பதாக இறைவன் கனவில் அருளினார். அவ்வாறே காசு கிடைத்தது, உணவும் நடந்தது; ஆனால் சம்பந்தர் மடத்தில் மட்டும் சாப்பாடு நேரம் கழித்தே ஆயிற்று. விசாரித்தபோது சமையற்காரர் உண்மையைச் சொன்னார்கள்: நம் காசில் வாசி (குறை) உண்டென்று கடைவீதியில் வட்டம், அதாவது கழிவு, கேட்கிறார்கள், அப்பர் மடத்துக் காசை அப்படியே வாங்கிக்கொள்ளுகிறார்கள். சம்பந்தர் ஆண்டவனுடைய மகன், ஆதலின் வாசியுள்ள காசு. அப்பர் உழவாரம் பிடித்துக் கைத்தொண்டு செய்பவர், ஆதலின் வாசியில்லாத காசு என்று சேக்கிழார் காரணம் காட்டுகிறார். அந்த அப்பர்தான் திருப்புகலூரில் சரளைக் கல்லோடு கிடந்த பொன்னையும் மணியையும் உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்தவர். வேண்டாதபோது எறிந்த அதே கை, அடியார் பசித்தபோது காசை வாங்கிக் கடைக்கு அனுப்பத் தயங்கவில்லை.

இந்தக் கதையில் என் மனத்தைக் கவர்ந்தவர்கள் பெயரில்லாத அந்தக் கடைக்காரர்களே. கோயில் பீடத்தில் இருந்து வந்த காசு, கொண்டு வந்தவர் ஞானக் குழந்தையின் ஆட்கள். அப்படியிருந்தும் குறை கண்ட இடத்தில் குறை என்றார்கள். அதற்காக இறைவன் அவர்களைத் தண்டிக்கவில்லை, சேக்கிழாரும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. சம்பந்தர் அவர்களோடு வழக்காடவும் இல்லை. வாசியற்ற காசு தர வேண்டுமென்று தந்தவனிடமே போய்ப் பாடினார். மறுநாள் பீடத்தில் இருந்த காசைக் கடைவீதியில் உரைத்துப் பார்த்து, இது மிக நல்ல காசு, வேண்டியதைத் தருகிறோம் என்றார்கள். அன்று அவர் மடத்திலும் அடியார்கள் உரிய வேளையில் உண்டார்கள்.