துணிவும் தேவையும்

கயிறின்றிக் கடலோரப் பாறையில் ஏறுவதை விளையாட்டாகக் கொள்வோர் உளர். ஸ்பெயினின் மயோர்க்காத் தீவிலே 1970களில் வளர்ந்த இவ்விளையாட்டில், கைதவறினால் ஏந்துவது ஆழ்ந்த நீர் ஒன்றே. விடுமுறையில் முதன்முறையாக அப்பாறையைத் தொடுபவனைத் துணிவுடையவன் என்கிறோம். அவ்வாறாயின், மன்னார்க் கடலில் முத்துக்குளித்தவனை யாதென்பது?

1905இல் மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டிக் கரையை அடுத்துப் பெரும் முத்துக்குளிப்பு நடைபெற்றது. கல்லைப் பிணித்த கயிற்றிலே கால்வைத்து, மூச்சடக்கி இறங்கினான் குளிப்பவன். மேலே தோணியில் ஒருவன் கயிறு பிடித்து நின்றான். அள்ளிய சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு ஆங்கில அரசுக்கு. குளித்தோர்க்கு எஞ்சிய ஒரு பங்கே.

ஆழம் இருவர்க்கும் அஞ்சத்தக்கதே. ஆயினும் முன்னவன் ‘இன்று வேண்டாம்’ எனத் திரும்பலாம். பின்னவன் திரும்பினால் வீட்டில் அடுப்பெரிவது அரிது. தேர்ந்துகொள்ள வழியுள்ள இடத்திலேயே துணிவு அறமாகும் என்பர் சிலர். அதனை ஏற்பின், குளித்தவனுடையது துணிவன்று, நிர்ப்பந்தமே என முடியும். அம்முடிவு பொருந்தாது. இறங்கச் செய்தது வயிறு. இறங்கியபின் அச்சத்தை அடக்கி, கயிறு பிடித்தவனை நம்பிக் கடலடியிற் கைநடுங்காது நின்றது அவன் தானே ஈட்டிய பண்பு.

ஆகவே அவன் துணிவைப் போற்றுதல் தகும். ஆனால் அப்போற்றுதல் அவன் தேவையை மறைக்கும் திரையாதல் தகாது. சிப்பியில் இருபங்கைக் கொண்டோர் ஆபத்தில் எப்பங்கைக் கொண்டனர் என்னும் வினா, அக்கரையில் இன்னும் விடைபெறாது நிற்கின்றது.