விற்பனைக்கு இல்லாத வாள்

என்னிடம் ஒரு பாரோங் இருக்கிறது. வேலை நிமித்தம் மனிலாவில் இருந்த நாட்களில், எர்மித்தாவில் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கியது. பிலிப்பைன்ஸின் தெற்கே சூலூ தீவுகளில் வாழும் தௌஸுக் மக்களின் வாள் அது. அலகு ஒன்றரை அடிக்குள்தான். வெற்றிலையை இழுத்து நீட்டியது போன்ற வடிவம், கூர் ஒரு பக்கம், முதுகு தடித்தது. கைப்பிடியின் முனையைக் காக்கட்டூ கிளியின் தலையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சொன்னால்தான் கிளி. சொல்லாவிட்டால் மரமே ஏதோ ஒரு எண்ணத்தில் வளைந்துகொண்டது போலிருக்கும்.

வாங்கிய அன்று என் கவலையெல்லாம் இது அசலா போலியா என்பதுதான். அசல் என்கிற அந்தச் சொல்தான் பிற்பாடு என்னைத் தொந்தரவு செய்தது.

மோரோ ஆயுதங்களைச் சேகரிப்பவர்களின் அறிவை நான் லேசாகத் தள்ளிவிடமாட்டேன். மோரோ கிரிஸ் வாளை எடுத்துக்கொள்வோம். ஜாவாக்காரர்களின் கிரிஸ் குத்துவதற்கானது. இது அதைவிடப் பெரிது, வெட்டுவதற்கானது. அலகின் அடியில் அகன்று நிற்கும் பாகத்துக்குக் கங்யா என்று பெயர். பழைய வாள்களில் அது தனி இரும்புத் துண்டு. இணைப்புக்கோடு பெரும்பாலும் நேராக ஓடும். பின்னால் வந்தவற்றில் அந்தக் கோடு ஓரிடத்தில் மடங்கிச் சாய்கிறது. இன்னும் பின்னால், ஒரே இரும்பில் அடித்து, கோட்டை வெறும் கீறலாகப் போட்டுவிடுகிறார்கள். இந்த ஒரு கோட்டை வைத்து வாளின் காலத்தை ஏறத்தாழச் சொல்லிவிடுகிறான் சேகரிப்பவன். வினிகரைத் தடவி வைத்தால் சில அலகுகளில் மடித்தும் முறுக்கியும் அடித்த இரும்பின் வரிகள் கறுப்பும் வெளுப்புமாக மெல்ல எழுந்து வரும். வேறொருவர் வாளில் இதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பெயர் தெரியாத ஒரு கொல்லனின் கை அங்கே தெரிந்தது. அந்தச் சிலிர்ப்பு பொய்யல்ல. நம் நண்பர்களில் சிலர் சேகரிப்பவனை வியாபாரியின் தம்பி என்று ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுவார்கள். தம்பிதான். ஆனால் ஒரு கவிதையின் வரியை நாம் இவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இவர்கள் இகழ்கிற ஒரு ரகம் உண்டு. டூரிஸ்ட் சரக்கு என்பார்கள். இரண்டாம் உலகப்போர் 1945இல் முடிந்த காலத்திலும் அதற்குப் பின்னும், அமெரிக்க சிப்பாய்களுக்கும் பயணிகளுக்கும் விற்பதற்கென்றே செய்த வாள்கள். மெல்லிய தகடு, அவசர வேலை. செய்தவன் விற்க விரும்பினான். வாங்கியவன் பணம் கொடுத்தான். கைமாறிய விதம் பற்றி எந்தக் கேள்வியும் எழாத வாள் இது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. இதற்குத்தான் மதிப்பில்லை. மதிப்பெல்லாம் இடுப்பில் இருந்ததற்கு, தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்ததற்கு. அதாவது உடையவன் விற்க மனமில்லாமல் வைத்திருந்ததற்கு. அசல் என்பதன் லட்சணமே இதுதான். சந்தை, தான் எட்டாத இடத்திலிருந்து வந்த பொருளை மட்டுமே உயர்ந்தது என்று ஒப்புக்கொள்கிறது. அப்படியானால் அது சந்தைக்கு எப்படி வந்தது?

ஒரு வழியைச் சொல்கிறேன். ஹோலோ தீவில் பூட் டாஹோ என்று ஓர் எரிமலை. அமெரிக்க ஆட்சியின் தலைவரியை ஏற்க மறுத்த தௌஸுக் குடும்பங்கள் அதன் வாயில் குடியேறியிருந்தன. 1906 மார்ச்சில், லியனார்ட் வுட் கவர்னராக இருந்தபோது, அமெரிக்கப் படை மலையைச் சூழ்ந்து ஏறியது. இறந்தவர்கள், பெண்களும் குழந்தைகளும் உள்பட, 600க்குக் குறையாது. 1000 வரை சொல்பவர்கள் உண்டு. அமெரிக்கர் தரப்பில் சுமார் 20 பேர். பிணங்கள் நிறைந்த பதுங்கு குழியின் விளிம்பில் சிப்பாய்கள் நிற்கும் புகைப்படம் இருக்கிறது. டு பாய்ஸ் அதைத் தன் வகுப்பறையில் மாட்டிவைக்க விரும்பினார். மார்க் ட்வைன் கொதித்து எழுதியவை அவர் உயிரோடிருந்தவரை அச்சேறவில்லை. சண்டை முடிந்ததும் சிப்பாய்கள் நினைவுப் பொருள் தேடினார்கள். 1911இல் பெர்ஷிங் மோரோக்களின் ஆயுதங்களைப் பறிக்க உத்தரவிட்டார். 1913இல் பூட் பக்ஸாக்கில் இன்னொரு படுகொலை.

சில வாள்களின் உறையில் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருக்கும்: எடுத்த இடம், ஆண்டு, எடுத்த அதிகாரியின் பெயர். துண்டு இருந்தால் விலை கூடும். இதுதான் அந்த வாளின் பூர்வோத்தரமாம். அடித்த கொல்லன் அதில் இல்லை. இடுப்பில் செருகியவன் இல்லை, அவன் தகப்பன் இல்லை. வாளின் சரித்திரம் அதை வைத்திருந்தவன் விழுந்த பிறகுதான் அங்கே ஆரம்பிக்கிறது. முன்னாலிருந்தது முழுக்க ‘19ஆம் நூற்றாண்டு’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுகிறது.

பெயர்களிலும் இதே கதைதான். மோரோ என்பதே ஸ்பானியர் இட்ட பெயர். தங்கள் நாட்டில் சண்டையிட்ட முஸ்லிம்களின் பெயரை உலகின் மறுகோடியில் கண்ட முஸ்லிம்கள் மேலும் ஒட்டினார்கள். (பின்னாளில் அம்மக்களே அதைத் தங்கள் விடுதலை இயக்கத்தின் பெயரில் எடுத்துக்கொண்டது வேறு விஷயம், கௌரவமான விஷயம்.) சாவை நிச்சயித்துக்கொண்டு தனியாகப் பாய்ந்த தௌஸுக் வீரனை ஸ்பானியர் ஹுராமென்டாடோ, சத்தியம் செய்தவன், என்றார்கள். அவர்கள் மொழியில் அது பராங் சபீல். சபீல் என்றால் இறைவனின் பாதை. சேகரிப்பவர்களின் பேச்சில் புழங்குவது ஸ்பானியச் சொல்தான். எத்தனை குண்டு பட்டும் விழாமல் வந்தான், அவனை நிறுத்தத்தான் அமெரிக்க ராணுவம் .45 துப்பாக்கிக்கு மாறியது என்று கதை சொல்வார்கள். எதிரியின் பயம் இங்கே இரும்பின் தரத்துக்குச் சான்றிதழாகிவிடுகிறது.

மறுதரப்பைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. எல்லா வாளும் பிணத்தருகே எடுத்ததல்ல. தாத்துக்கள் பரிசாகக் கொடுத்ததுண்டு, கஷ்டத்தில் விற்றதுண்டு. கஷ்டத்தில் விற்பதை விருப்பம் என்று சொல்லலாமா என்பது தனிக் கட்டுரைக்கு உரியது. மனிலாவில் நான் அறிந்த ஒரு சேகரிப்பாளர் என்னை மடக்கியது வேறு இடத்தில். 1974 பிப்ரவரியில் ராணுவத்துக்கும் மோரோ விடுதலை முன்னணிக்கும் நடந்த சண்டையில் ஹோலோ நகரம் எரிந்தது. 2017இல் மராவி ஐந்து மாதச் சண்டையில் இடிந்தது. அங்கே மரனாவ் குடும்பங்கள் பரம்பரையாக வைத்திருந்தவை வீடுகளோடு போயின. “சொந்தக்காரனிடமே இருந்தது என்ன ஆயிற்று, பார்த்தீர்களா?” என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. எரிந்துபோனது அவர்களுடையதாக எரிந்தது என்று சொன்னேன். சொன்ன கணத்திலேயே அது வெறும் வாக்கியம் என்று தெரிந்தது. எரிந்த வீட்டின் முன் நின்றவனிடம் அதைச் சொல்லிப் பார்க்கவேண்டும்.

திருப்பிக் கொடுப்பது? 1901இல் ஸமார் தீவிலிருந்து அமெரிக்கப் படை கொண்டுபோன பலாங்கிகா மணிகள் மூன்றும் 2018 டிசம்பரில் திரும்பி வந்தன. மணிக்குப் போய்ச்சேர ஒரு தேவாலயம் இருந்தது. இந்த வாள்களைப் புசாகா என்பார்கள், குலச்சொத்து. எந்தக் குலம் என்று என் பாரோங்கில் எழுதியில்லை. கடைக்காரர் கேட்காமலேயே, “நல்ல குடும்பத்துச் சாமான்” என்றார், அவ்வளவுதான். மியூசியத்துக்குக் கொடுத்துவிடு என்கிறார் ஒரு நண்பர். கொடுக்கலாம். ஆனால் அப்போது நான் இறக்கிவைப்பது என் சுமையை. இன்னொன்றும் தோன்றுகிறது: இந்த மனச்சங்கடமே வாளின் மேல் ஏறுகிற ஒரு மெருகாகிவிடலாம். இந்தக் கட்டுரையை உறையில் சுருட்டி வைத்தால் நாளை யாரோ விலையைக் கூட்டிச் சொல்லக்கூடும்.

இதுவரை அதற்கு வினிகர் தடவவில்லை. மழைக்காலத்தில் எண்ணெய் மட்டும். கைப்பிடியில் கட்டைவிரல் படும் இடம் தேய்ந்து குழிந்திருக்கிறது. துடைக்கும்போது என் விரல் தானாக அங்கே போகும்; உட்காராது. என்னைவிடச் சிறிய கை.