குறையை ஒளிக்காதீர்கள்

இன்ஜின் பழுதாவது குற்றமில்லை. இரும்பும் எண்ணெயும் நெருப்பும் சேர்ந்து ஓடுகிற பொருள் என்றாவது ஒருநாள் மக்கர் செய்யத்தான் செய்யும். பழுதென்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொள்கிறோமே, அதுதான் குற்றம். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகிற சாலையில் ரெட்டியார்பாளையம் தாண்டி மூலக்குளம் வந்தால், கார் வாங்குகிறவர், விற்கிறவர், பழுது பார்க்கிறவர் என்று மூன்று தரப்பையும் ஒரே நாளில் பார்க்கலாம். மூவருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: குறையை ஒளிக்காதீர்கள்.

நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிற விஷயமில்லை இது. நாற்கரச் சாலையில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இன்ஜின் நின்றுபோனால் என்ன ஆகும்? பழைய வகை பவர் ஸ்டீயரிங் சட்டென்று இறுகும். பிரேக்கை இரண்டு மூன்று தடவை மிதித்த பிறகு பெடல் கட்டையாகிவிடும். பின்னால் வருகிறவருக்கு நம் வண்டி நின்றதே தெரியாது. உள்ளே குழந்தைகள் இருக்கிறார்கள். ‘சத்தம் கொஞ்சம் வருது, ஆனா ஓடும்’ என்று நேற்று யாரோ சொல்லி அனுப்பிய வண்டி அது.

அந்த மூவருக்கும் முன்னால், காரைச் செய்கிறவர்களே, உங்களிடம்.

தென்கொரியாவில் கிம் குவாங்-ஹோ என்றொரு இன்ஜினியர். ஹூண்டாயில் கால் நூற்றாண்டு வேலை பார்த்தவர். அந்த நிறுவனத்தின் ‘தீட்டா 2’ இன்ஜின்களில் கிராங்க் ஷாஃப்ட்டைக் கடையும்போது மிஞ்சிய உலோகத் துகள்கள் ஆயில் போகும் வழியை அடைத்தன. ஆயில் கிடைக்காத கனெக்டிங் ராடு பேரிங்குகள் தேய்ந்தன. இன்ஜின்கள் சீஸ் ஆயின. அமெரிக்காவில் 2015-ல் ஏறத்தாழ 4.7 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அது போதாது, குறையின் முழு அளவு வெளியே சொல்லப்படவில்லை என்று கிம் 2016-ல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பிடம் போய்ச் சொன்னார். அதே ஆண்டு அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். 2017-ல் மேலும் 12 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. தாமதத்துக்கும் தவறான தகவலுக்குமாக ஹூண்டாயும் அதே குழுமத்தின் கியாவும் 21 கோடி டாலர் அளவுக்கு அபராதக் கணக்கைத் தீர்க்க 2020-ல் ஒப்புக்கொண்டன. மறு ஆண்டு கிம்முக்கு 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கிடைத்தது.

ஒரு பட்டறையில் சரியாகக் கழுவி விடாத உலோகத் தூளில் தொடங்கியது இது. தெரிந்த அன்றைக்கே சொல்லியிருந்தால் செலவு மட்டும் ஆகியிருக்கும். ஒளித்ததால் பெயரும் போயிற்று.

நம் ஊர்க் கதை வேறல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் தன் டவேரா வண்டிகளில் 1.14 லட்சத்தை 2013-ல் திரும்ப அழைத்தது. புகைச் சோதனையில் தேறுவதற்காகச் சொந்த ஊழியர்களே தில்லுமுல்லு செய்தது அப்போது வெளியே வந்தது. கேரளத்தில் பிரீமியர் நிறுவனத்தின் 118 என்.ஈ. டீசல் காரை வாங்கிய ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. குறையுள்ள காரைப் புத்தம் புதிது என்று விற்கப் பார்த்தது வெட்கக்கேடு என்றும், குறையை ஒப்புக்கொள்ளாமல் வழக்காடிக்கொண்டிருந்தது அதைவிட வருந்தத்தக்கது என்றும் 2004-ல் நீதிபதிகள் சொன்னார்கள். கவனியுங்கள்: பழுதை மட்டுமல்ல, பழுதை மறுத்து நின்ற பிடிவாதத்தையும் நீதிமன்றம் தனியாக எடுத்துக் கண்டித்தது. தீர்ப்பிலிருந்து எடுத்து உங்கள் போர்டு ரூமில் மாட்டி வைக்க வேண்டிய வரி அது.

இந்தியாவை விட்டே போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபோர்டு நிறுவனம் இங்கே கார் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பர் 9 அன்று அறிவித்தது. மறுவருடம் மறைமலைநகரில் தயாரிப்பு நின்றது. சர்வீசும் உதிரிப்பாகமும் தொடரும் என்று அப்போது வாக்குக் கொடுத்தார்கள். கடையை மூடுவது உங்கள் உரிமை. விற்ற காருக்கான கடமையை மூட உங்களுக்கு உரிமையில்லை. கொடுத்த வாக்கு கடைசி வண்டி ஓடுகிற வரைக்கும் ஓட வேண்டும். உதிரிப்பாகத்தையும் சோதனைக் கருவிகளையும் வெளிக் கடை மெக்கானிக்குகளுக்குத் தராமல் முடக்கினார்கள் என்று 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014-ல் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்ததையும் மறக்க வேண்டாம். உங்களால் பார்க்க முடியவில்லை என்றால், பார்க்க முடிந்தவர் கையைக் கட்டாதீர்கள்.

அடுத்து, சர்வீஸ் சென்டரில் டேபிளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே.

உங்கள் நெருக்கடி தெரியும். மேலே மேனேஜர் டார்கெட் கேட்கிறார். கம்பெனி வாரண்ட்டி அப்ரூவல் தராமல் இழுக்கிறது. எதிரே வாடிக்கையாளர் கத்துகிறார். இன்ஜினை நீங்கள் வார்க்கவில்லை. ஆனாலும் மூன்று வாக்கியங்களை உங்கள் நாக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ‘இந்த மாடல்ல அப்படித்தான் சார் இருக்கும்.’ ‘கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கோம் சார்.’ ‘நீங்க ஓட்டுற விதம் சார்.’ மெயில் போட்டிருந்தால் நகலைக் காட்டுங்கள். ஓட்டுகிற விதம்தான் காரணமென்றால் எந்தப் பாகம் எப்படிக் கெட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அப்படித்தான் இருக்குமென்றால், வாங்குவதற்கு முந்தின நாள் ஏன் சொல்லவில்லை?

ஜாப் கார்டில் வாடிக்கையாளர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். ‘ஓடும்போது இன்ஜின் நின்றுவிடுகிறது’ என்று அவர் சொன்னதை ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதுவது கைத்தவறு அல்ல, பொய். நாளைக்கு அந்த ஒரு தாள்தான் அவருக்குச் சாட்சி. அதை நீங்கள் அழித்துக் கொடுத்து அனுப்புகிறீர்கள்.

இனி, காரின் சொந்தக்காரர்களே, உங்களிடம்தான் அதிகம் பேச வேண்டும்.

உங்கள் ஆத்திரம் நியாயமானது. வண்டி ஷெட்டில் நிற்கிறது; இ.எம்.ஐ. மட்டும் ஒரு மாதம்கூட நிற்காமல் ஓடுகிறது. டீலரைக் கேட்டால் கம்பெனியைக் கை காட்டுகிறார். கம்பெனியைக் கேட்டால் டீலரைக் கை காட்டுகிறார்கள். கஸ்டமர் கேரில் ஒரு புகார் எண் கிடைக்கிறது, பதில் கிடைப்பதில்லை. ஆனால் அந்த ஆத்திரத்தை டேபிளுக்குப் பின்னால் இருக்கிற மாதச் சம்பளக்காரப் பையன் சட்டையைப் பிடித்துத் தீர்க்காதீர்கள். அடிபடுவது அவன், தப்பிப்பது காரைச் செய்தவர்.

ஆத்திரத்தைக் காகிதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஜாப் கார்டின் நகலை வாங்குங்கள். போனில் பேசியதை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்துங்கள். இன்ஜினைப் பிரிக்கப் போகிறார்கள் என்றால், பிரிக்கும் முன்பும் பிரித்த பிறகும் படம் எடுங்கள். கழற்றிய பாகத்தைத் தூக்கிப் போட விடாதீர்கள். தயாரிப்பிலேயே குறை என்று நிரூபிக்கச் சுயேச்சையான நிபுணர் சோதனை வேண்டியிருக்கும். பேரிங் குப்பைக்குப் போன பிறகு நிபுணர் எதைப் பார்ப்பார்?

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2020 ஜூலை 20 முதல் நடப்பில் உள்ள புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். கம்பெனி குருகிராமில் இருந்தால் என்ன, வேறெங்கே இருந்தால் என்ன! கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. ஐந்திலிருந்து பத்து லட்சத்துக்கு 200 ரூபாய், பத்திலிருந்து இருபது லட்சத்துக்கு 400 ரூபாய். வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். வாரண்ட்டி என்று எழுதிக் கொடுத்த தயாரிப்பாளர், அதைக் கொடுத்ததில் தன் கவனக்குறைவு எதுவுமில்லை என்று காட்டி மட்டும் தப்பிக்க இந்தச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால் காலக்கெடு இரண்டு வருடம். ‘அடுத்த சர்வீசில் பார்த்துக்கலாம்’ என்று நீங்கள் ஒத்திப்போடுகிற ஒவ்வொரு மாதமும் அதிலிருந்துதான் கழிகிறது.

உங்கள் புகார் உங்களுக்கு மட்டும் என்றும் நினைக்காதீர்கள். பாதுகாப்புக்குக் கேடான குறை இருந்தால் கார்களைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரம் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் மத்திய அரசுக்கு இருக்கிறது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தன. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அது பொருந்தும். ஆனால் சொந்தக்காரர்களின் புகாரால் அந்தச் சக்கரம் சுழல, ஒரே மாடலில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் சேர வேண்டும். உங்கள் தெருவில் நாலு பேருக்கு அதே கோளாறு இருந்து, நாலு பேரும் தனித்தனியாக நொந்துகொண்டு சும்மா இருந்தால், கணக்கில் அந்த மாடலில் குறையே இல்லை. உங்கள் மௌனம் முகம் தெரியாத இன்னொரு குடும்பத்தை நெடுஞ்சாலையில் நிறுத்தும்.

நியாயம் கேட்கப் போகிறவர் கையில் கறை இருக்கக் கூடாது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அந்த மாதிரி வெள்ளத்தில் மூழ்கிய காரை அப்படியே ஸ்டார்ட் செய்தால், சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் முட்டி கனெக்டிங் ராடு வளையும். சாவியைத் திருப்பியது நாம் என்றால் திருப்பினோம் என்றே சொல்ல வேண்டும். ‘தண்ணியே ஏறலை, தானா நின்னுடுச்சு’ என்று சாதித்து வாரண்ட்டி கேட்பதும், ஆயில் மாற்றாமல் ஓட்டிவிட்டுத் தயாரிப்புக் குறை என்பதும், கம்பெனி செய்கிற அதே ஒளித்தலைத்தான் நாமும் செய்வது. வரி குறைவு என்று புதுச்சேரியில் பொய் முகவரி கொடுத்து பி.ஒய். நம்பர் வாங்குகிற வெளியூர்க்காரர்களுக்கும் இது பொருந்தும். அதில் 2017-ல் கேரளத்தில் திரை நட்சத்திரங்கள் வரை வழக்கு வந்தது. பொய்யில் தொடங்கிய கார்ப் பயணம், நீதி கேட்கும் இடத்தில் முதலில் தடுக்கும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் கடினமான சோதனை. கம்பெனி கைவிட்டது, டீலர் ஏமாற்றினார், ஆணையத்துக்கு அலைய உங்களுக்குத் தெம்பில்லை. நண்பர் ஒருவர் சொல்வார்: ‘கெட்டியான ஆயிலை ஊத்து, சத்தம் ஒரு மாசம் அடங்கும், அதுக்குள்ள எவன் தலையிலாவது கட்டிடு.’ செய்யாதீர்கள். கையில் வந்த கள்ள நோட்டை அடுத்த கடையில் தள்ளிவிடுகிறவருக்கு, அதை அச்சடித்தவனைத் திட்ட வாய் ஏது? உங்கள் காரை வாங்கப் போகிறவர் பெரும்பாலும் உங்களைவிட வசதி குறைந்தவர். அவருக்கு வாரண்ட்டி கிடையாது, கஸ்டமர் கேர் கிடையாது. அவருக்கு நீங்கள்தான் கம்பெனி.

எனவே விற்கும் முன் சொல்லுங்கள். எந்தச் சத்தம், எப்போது வருகிறது, எத்தனை தடவை நின்றது, யார் என்ன பார்த்தார்கள் என்று சொல்லி, எல்லா ஜாப் கார்டையும் அவர் கையில் கொடுங்கள். வேண்டுமென்றால் அவருக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்து வரச் சொல்லுங்கள். விலை குறையும். குறையட்டும். அந்த நஷ்டத்தைக் காரைச் செய்தவரிடமிருந்து வாங்க ஆணையம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. அதை வாங்கப் போராடுங்கள். வாங்க வந்த ஏழையின் மடியில் கை வைக்காதீர்கள்.