கடிவாளம் அறுந்த மரபணுக்கள்

ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1963-இல் 'எக்ஸ்-மென்' காமிக்ஸைத் தொடங்கியபோது, நாயகர்களின் சக்திக்குப் புதிய காரணம் ஒன்றைச் சொன்னார்கள்: அவர்கள் பிறவியிலேயே மியூட்டன்ட்கள், அதாவது சடுதி மாற்றம் அடைந்த மரபணுவோடு பிறந்தவர்கள். அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஹல்க்குக்குச் சக்தி கொடுத்தது காமாக் கதிர். இரண்டில் அறிவியலுக்கு நெருக்கமானது எக்ஸ்-மென் கதைதான்.

வளர்ந்த ஒருவரைக் கதிர்வீச்சு தாக்கினால், ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. ஒவ்வோர் இடத்தில் சேதமாகும். ஒரே மாற்றம் உடல் முழுக்க நிகழ வழியில்லை. வலிமைக்குப் பதில் புற்றுநோய்தான் வரும். கருவிலேயே இருக்கும் சடுதி மாற்றம் அப்படியல்ல. செல் பிரியப் பிரிய அதுவும் நகலாகி உடலெங்கும் சேர்ந்துவிடும். இந்த அளவில் நாம் எல்லோருமே மியூட்டன்ட்கள். பெற்றோரிடம் இல்லாத ஏறக்குறைய 60, 70 புதிய மாற்றங்களோடுதான் ஒவ்வொரு குழந்தையும் பிறக்கிறது. மரபுத் தொகுதியின் 300 கோடி எழுத்துகளுக்கு நடுவே அவற்றில் பெரும்பாலானவை எந்த விளைவும் இல்லாமல் கிடக்கின்றன. சில நோயாகின்றன. அரிதினும் அரிதாகவே ஒன்று பலமாகிறது.

பலமாகும்போது உள்ளே என்ன நடக்கிறது? பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஏரோ மான்டிரன்டாவின் ரத்தம் அதற்கு விடை சொன்னது. 1964 இன்ஸ்ப்ரூக் குளிர்கால ஒலிம்பிக்கில் 15 கிலோமீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தவரை 40 விநாடி பின்னால் விட்டு அவர் தங்கம் வென்றார். ஆண்களின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 14 முதல் 17 கிராம் இருப்பது வழக்கம். அவருக்கோ 20-ஐத் தாண்டியிருந்தது. 1993-இல் ஆய்வாளர்கள் அவருடைய குடும்பத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். சிவப்பணுக்களைப் பெருக்கச் சொல்லும் எரித்ரோபோயட்டின் ஹார்மோன் வந்து பொருந்தும் ஏற்பிப் புரதத்தின் மரபணுவில், 'ஜி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஏ' இருந்தது. அந்த ஓர் எழுத்தால் நிறுத்தக் குறி முன்கூட்டியே விழுந்து, புரதத்தின் வாலில் 70 அமினோ அமிலங்கள் இல்லாமல் போயின. ஹார்மோனின் கட்டளையை அணைக்கும் நொதி வந்து ஒட்டுவது அந்த வாலில்தான். வால் இல்லாததால் கட்டளை நெடுநேரம் நீடித்தது, சிவப்பணுக்கள் பெருகின, தசைகளுக்கு ஆக்சிஜன் கூடுதலாகப் போனது.

மான்டிரன்டாவுக்குப் புதிய உறுப்போ புதிய புரதமோ கிடைக்கவில்லை. எல்லோரிடமும் உள்ள ஒரு கடிவாளம் அவரிடம் அறுந்திருந்தது, அவ்வளவுதான். அதே மாற்றம் அவருடைய உறவினர் பலருக்கும் இருந்தது. அவர்கள் எல்லோரும் ஒலிம்பிக் போகவில்லை. பயிற்சி அவருடையது.

2004-இல் ஜெர்மனியில் பதிவான ஒரு சிறுவனிடமும் இதே கதைதான். தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் அவனுக்குச் சுரக்கவில்லை. நாலரை வயதில் கைக்கு 3 கிலோ எடையை நீட்டிப் பிடிக்க அவனால் முடிந்தது.

காமிக்ஸ் சொல்லாமல் விட்டது இதற்கான விலையை. எலும்பு வளர்ச்சியை மட்டுப்படுத்தும் ஸ்க்ளெரோஸ்டின் புரதம் அடியோடு இல்லாதவர்கள் தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிக்கானர் குடும்பங்கள் சிலவற்றில் உண்டு. அவர்களுடைய எலும்பு எளிதில் முறியாது. ஆனால் மண்டையோடும் தடித்துக்கொண்டே போய் நரம்புகளை நெரிக்கிறது. முகவாதம், காது கேளாமை, மூளையில் அழுத்தம் எனத் துன்பம் தொடர்கிறது. கடிவாளங்கள் காரணமில்லாமல் உடலில் இல்லை.

அந்தக் குடும்பங்களின் துன்பத்திலிருந்தே ஒரு மருந்தும் பிறந்தது. ஸ்க்ளெரோஸ்டினைத் தடுக்கும் ரோமோசோசுமாப், 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எலும்பு தேய்ந்து, முறிவு அபாயத்தில் இருக்கும் பெண்களுக்கு அதை மாதம் ஒரு முறை, ஓராண்டுக்கு மட்டும் ஊசியாகப் போடுகிறார்கள். கடிவாளத்தை அறுத்தெறியாமல், தேவையான காலத்துக்குத் தளர்த்திப் பிடிக்கும் மருத்துவம் இது. மியூட்டன்ட்களிடமிருந்து மனிதகுலம் உண்மையில் பெறக்கூடிய வரம் இதுவே.