இறைவாக்கும் மனச்சாட்சியும்

இறைவாக்கு முற்றுப்பெற்றுவிட்டதா, இன்னும் தொடர்கிறதா என்பது நமக்குப் புதிய கேள்வியன்று. நபித்துவம் நிறைவுற்றது என்பது நமது ஈமானின் ஒரு பகுதி. ஆயினும் இதே கேள்வி ஐக்கிய அமெரிக்காவில் கிறிஸ்தவர்களிடையே ஏறத்தாழ இருநூறு வருடங்களாக வழக்காகி நிற்பது பற்றி நாம் அதிகம் சிந்தித்ததில்லை. அயலார் வழக்கைப் பொறுமையோடு கேட்பவனுக்குத் தன் வீட்டு விடயமும் சற்றுத் துலங்கும்.

1830இல் நியூயோர்க் மாநிலத்தின் பால்மைரா என்னும் ஊரில் 'மோர்மன் நூல்' அச்சாகி வெளிவந்தது. வானவர் ஒருவர் காட்டிய பொற்தகடுகளில் இருந்ததை இறையருளால் மொழிபெயர்த்ததாகக் கூறினார் ஜோசப் ஸ்மித். அப்போது அவருக்கு வயது 24. அதே வருடம் ஏப்ரல் 6இல் தமது சபையை நிறுவினார். இயேசுவின் சீடர்களுக்குப் பின் திருச்சபை வழிதவறியது என்றும், அதனை மீட்கத் தாம் அழைக்கப்பட்டதாகவும் போதித்தார். 1844இல் இலினோய் மாநிலத்துச் சிறையொன்றில் இருந்தபோது ஒரு கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது. பிரிகம் யங்கைப் பின்பற்றியோர் 1847இல் இன்றைய யூட்டாவில் குடியேறினர்.

ஏனைய கிறிஸ்தவர் இவர்களை ஏற்க மறுப்பதற்கு இரு காரணங்கள் முதன்மையானவை. 325இல் கூடிய நைசியா சங்கம், பிதாவும் சுதனும் ஒரே சாரம் உடையோர் என்றது. மோர்மன்களோ பிதா, சுதன், பரிசுத்த ஆவி ஆகியோர் வெவ்வேறானவர், பிதாவுக்குச் சரீரமும் உண்டு என்பர். மற்றையது வேதம் பற்றியது. பைபிளோடு வேறு மூன்று நூல்களையும் அவர்கள் வேதமாகக் கொள்கின்றனர். சபையின் தலைவரை வாழும் தீர்க்கதரிசியாகவும் மதிக்கின்றனர். 2001இல் வத்திக்கான், மோர்மன்களின் ஞானஸ்நானம் செல்லாது என அறிவித்தது. அவர்களோ, "எங்கள் சபையின் பெயரிலேயே இயேசு கிறிஸ்து இருக்கிறார், எங்களைக் கிறிஸ்தவர் அல்லர் என்று சொல்ல நீங்கள் யார்?" என்று கேட்கின்றனர்.

இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. என்னை உறுத்துவது வேறொன்று.

அச்சபையில் குருத்துவம் என்பது தகுதியுள்ள ஆண்கள் அனைவருக்கும் பொதுவாக வழங்கப்படுவது. ஆனால் 1852இல் பிரிகம் யங் வெளிப்படையாக அறிவித்த தடையின்படி, கறுப்பின ஆண்களுக்கு அது மறுக்கப்பட்டது. 1978 ஜூனில், ஸ்பென்சர் கிம்பலின் காலத்தில், இறைவெளிப்பாடு கிடைத்ததெனக் கூறித் தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலம் 126 வருடங்கள். அத்தடைக்கு முன்னர் சொல்லப்பட்ட விளக்கங்களை 2013இல் சபையே நிராகரித்தது.

அப்படியாயின், 1977இல் "இது அநீதி" என்று உரைத்த ஒரு மோர்மனை எவ்வாறு கொள்வது? தீர்க்கதரிசிக்கு மாறு செய்த பாவியா? அன்றி, மறுவருடம் வரவிருந்த உண்மையை முன்கூட்டியே கண்டவனா? வாழும் தீர்க்கதரிசி இருப்பதால் தவறு திருத்தப்படலாம் என்பது மெய்யே. ஆனால் அவர் பேசும்வரை மனச்சாட்சி வாய்மூடிக் காத்திருக்க வேண்டியதாகிறது.

இதைக் கேட்டு, "வேதம் முற்றுப்பெற்றது என்போர்க்கு இவ்விடர் இல்லை" என மறுதரப்பார் மகிழ்வதற்கும் இடமில்லை. அமெரிக்காவின் தெற்கத்திய பப்டிஸ்ட் சபை 1845இல் பிரிந்து உருவாகியதே அடிமை உடையோர் மிஷனரியாகலாமா என்ற சச்சரவில்தான். பைபிளைக் காட்டியே அன்று அடிமைமுறை நியாயப்படுத்தப்பட்டது. அதற்காக அச்சபை மன்னிப்புக் கோரியது 1995இல். அங்கே புதிய தீர்க்கதரிசி எவரும் இல்லை. மாறாத ஏடு இருந்தது. அதனை வாசித்த கண்கள்தாம் 150 வருடங்கள் கழித்துத் திறந்தன.

ஆகவே, இறைவாக்கு தொடர்கிறதென்றாலும் முற்றுப்பெற்றதென்றாலும், அதன் பெயரால் பேசுபவன் மனிதனே. அவன் தவறக்கூடியவன். தொடர்கிறதென்போர் தலைவரின் குரலையும், முற்றுப்பெற்றதென்போர் தமது விளக்கத்தையும் இறைவனின் சொல்லாகவே எண்ணிவிடும் ஆபத்து உண்டு. அந்தத் தவறின் சுமையை 126 வருடங்களும் 150 வருடங்களும் சுமந்தவர்கள் தீர்க்கதரிசிகளுமல்லர், விரிவுரையாளர்களுமல்லர். கோயிலின் கடைசி வரிசையில் நிறுத்தப்பட்டவர்களே சுமந்தார்கள்.

நமது வேதம் நிறைவானது. அதனை ஓதி விளங்கிக்கொள்ளும் நாம் நிறைவானவர்களா? நமது கடைசி வரிசையில் நிற்பவர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தால், விடை தெரியலாம்.