ஏன் கேக்குற?

2003 வாக்கில் தமிழ்நாட்டில் எங்கு பார்த்தாலும் ஒரே கேள்வி: ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ எய்ட்ஸ் என்ற சொல்லை வீடுகளுக்குள் சத்தமாகச் சொல்லவைத்த விழிப்புணர்வு விளம்பரம். அந்த வகையில் நல்ல வேலைதான். எங்கள் வகுப்பில் ராஜா என்று ஒருவன் இருந்தான். போதாதா? அன்றிலிருந்து அவன் புள்ளி.

சில மாதங்களில் அவனுடைய அப்பா இறந்தார். என்ன நோய் என்று யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த வாரம் அறிவியல் தேர்வில் எய்ட்ஸ் எப்படியெல்லாம் பரவாது என்று கேட்டிருந்தார்கள். தொடுவதால், சேர்ந்து சாப்பிடுவதால், கொசு கடிப்பதால் பரவாது என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். அதே வாரம்தான் ராஜா பக்கத்திலிருந்து எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போனேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. கிருமியைப் பற்றிச் சரியாகத்தான் தெரிந்துவைத்திருந்தேன். கூடவே, யாரும் பாடம் நடத்தாமலே இன்னொன்றையும் கற்றிருந்தேன்: இது ‘தப்பு பண்றவங்களுக்கு’ வருவது. நான் பயந்தது கிருமிக்கு அல்ல.

1986இல் இந்தியாவின் முதல் ஹெச்ஐவி தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்தவர்கள் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். பாலியல் தொழிலாளர்களிடம் எடுத்த ரத்த மாதிரிகள் அவை. தேடியது அங்கே, கிடைத்ததும் அங்கே. கணவனைத் தவிர யாரையும் அறியாத எத்தனையோ பெண்களுக்கும் தொற்று இருப்பது பிறகு தெரியவந்தது. நம் மனதில் என்னவோ முதல் படம்தான் நின்றுவிட்டது.

போன வருஷம் அக்கா மகள் கேட்டாள். பதினைந்து வயது. “மாமா, ஒருத்தருக்கு எஸ்டிடி இருந்தா பாத்தாலே தெரியுமா?”

“ஏன் கேக்குற?” என்றேன்.

“சும்மா” என்று போய்விட்டாள்.

அந்த ஒரு கேள்வியில் நான் அவளை எந்தப் பெஞ்சுக்கு அனுப்பினேன் என்று புரிய இரண்டு நாள் ஆனது. கேட்பதே குற்றத்துக்கான தடயம் என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்? ஆனால் கேட்காமல் விடுவதும் சரியா? பதினைந்து வயதுப் பெண். யாராவது அவளை மிரட்டிக்கொண்டிருக்கலாம். அக்கறையும் விசாரணையும் ஒரே ‘ஏன்’ வழியாக வருவதுதான் சிக்கல். இப்போது எனக்குப் படுவது இதுதான்: காரணம் சொன்னால்தான் பதில் என்பது அநியாயம். பதிலை முதலில் கொடுத்துவிட வேண்டும். பதில் கிடைத்த பிள்ளை காரணத்தைத் தானாகச் சொல்லக்கூடும், சொல்லாமலும் போகலாம்.

மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது நானே ஆரம்பித்தேன். பாத்தா தெரியாது. கிளமிடியா மாதிரியானது பலருக்கு அறிகுறியே காட்டாது, டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும். அதுவும் சிபிலிஸும் மருந்தில் குணமாகும். ஹெச்ஐவியை முழுசாகக் குணப்படுத்த முடியாது. ஆனால் தினமும் மாத்திரை எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவில் அடுத்தவருக்குப் பரவாது. ஆணுறை ஏன் முக்கியம் என்பதையும் சொன்னேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. மாமா உறவில் இதற்கெல்லாம் ஒத்திகை கிடையாது.

“டெஸ்ட் யார் வேணா எடுக்கலாமா?”

பதினெட்டு வயதுக்குள் என்றால் ஹெச்ஐவி பரிசோதனைக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் வேண்டும் என்றேன்.

கிளிப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். “அப்போ வீட்ல சொல்லியே ஆகணும்?”

ஏன் என்ற சொல் மறுபடியும் நாக்கு நுனிவரை வந்தது. “யாருக்கா இருந்தாலும், நான் கூட வந்து பேசுறேன்” என்றேன்.