ஆடலும் அகவிழிப்பும்

திருவிழாக் காலங்களில் திருக்கோயில் மண்டபங்களில் நாட்டியம் நிகழ்வதுண்டு. கண்டு களித்தோர், “தன்னை மறந்து ஆடினாள்” என்று ஒருத்தியைப் புகழ்வர். வேறொருத்தி தாளம் தவறினால், “மனம் இங்கே இல்லை” என்று குறை கூறுவர். இவ்விரு கூற்றுகளும் ஒரே நாவிற் பிறப்பவை. ஆயினும் சிந்தித்துப் பார்க்குங்கால் ஒன்றோடொன்று முரணுவனபோல் தோன்றுகின்றன. தன்னை மறத்தல் உயர்வு எனில், மனம் அங்கு இல்லாமற் போதல் எங்ஙனம் தாழ்வாகும்? மனம் விழித்திருத்தலே உயர்வு எனில், தன்னை மறத்தல் எங்ஙனம் புகழாகும்?

இது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. காலிற் சலங்கை கட்டும் சிறுமிக்கும், அவள்முன் தட்டுக்கழியோடு அமர்ந்திருக்கும் ஆசிரியருக்கும் நாள்தோறும் எதிர்ப்படும் வினாவாகும். மறக்கத் தக்கது எது, மறவாதிருக்கத் தக்கது எது என்று தெளியாமற் பயின்றவர், உடலால் தேர்ச்சி பெற்றும் உள்ளத்தால் நலிவுறுவர்.

இருவகைத் தடுமாற்றம்

பரதநாட்டியத்தில் வர்ணம் என்னும் உருப்படி அரைமணி நேரத்திற்கு மேலும் நீள்வதுண்டு. அதனை ஆடுங்கால் கால்கள் ஜதிக்கு இசைய வேண்டும்; கைகள் முத்திரையால் பொருளுரைக்க வேண்டும்; முகம் பாவத்தைக் காட்ட வேண்டும்; செவியோ பாட்டையும் நட்டுவாங்கத்தையும் விடாது பற்றி நிற்க வேண்டும். தீர்மானம் முடியும் இடம் பாட்டின் எடுப்போடு வழுவாமற் பொருந்துதல் வேண்டும். முற்றும் தன்னை மறந்தவருக்கு இது கைகூடுவதில்லை. பாவத்தில் கரைந்து தாளத்தை இழந்தவர், உருக்கம் உடையவராயினும் கலையில் நிலைத்தவர் ஆகார்.

இனி, மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். “அரைமண்டி சரியாக உள்ளதா? கை நேராக நிற்கிறதா? முன்வரிசையில் இருப்பவர் முகம் ஏன் மலரவில்லை?” என்று தன்னையே அளந்துகொண்டு ஆடுபவரும் தடுமாறுகிறார். பழகிய படிக்கட்டில் இறங்குபவர், ஒவ்வோர் அடியையும் எண்ணிப் பார்க்கத் தொடங்கினால் கால் இடறுவதை யாவரும் அறிவர். நன்கு பழகித் தானே இயங்கும் செயலை, அச்சத்தால் மீண்டும் துண்டு துண்டாகக் கண்காணிக்கத் தொடங்கினால் அச்செயல் குலையும் என்பதை இக்கால உளவியலாரும் எடுத்துக் காட்டியுள்ளனர்.

ஆகவே இரண்டு ‘தான்’கள் உள்ளன என்று கொள்ளுதல் தகும். செயலிலே நின்று கேட்டும் கண்டும் உணர்ந்தும் இயங்கும் ‘தான்’ ஒன்று. அச்செயலுக்கு வெளியே நின்று, “நான் எப்படித் தோன்றுகிறேன்?” என்று ஏங்கும் ‘தான்’ மற்றொன்று. முன்னது விழித்திருக்க வேண்டும். பின்னது மறக்கப்பட வேண்டும். முற்கூறிய முரண் இவ்விடத்தே நீங்குகிறது.

முன்னோர் கண்ட நெறி

நந்திகேசுவரர் இயற்றியதாக வழங்கும் அபிநய தர்ப்பணம், கை, கண், மனம், பாவம், ரசம் என்னும் ஒரு வரிசையைக் கூறுகிறது. அவ்வரிசையில் மனம் நடுவே நிற்பது கருதத் தக்கது. உடலின் தொழிலையும் உள்ளத்தின் சுவையையும் இணைக்கும் பாலம் அதுவே. கையும் கண்ணும் சென்ற இடத்துக்கு மனம் செல்லவில்லை எனில், காண்பவருக்கு அங்க அசைவு மட்டுமே எஞ்சும்.

நாட்டியப் பேரரசி பாலசரஸ்வதி அம்மையார் 1975-ஆம் ஆண்டு சென்னைத் தமிழிசைச் சங்க விழாவில் ஆற்றிய உரையில், பரதநாட்டியக் கச்சேரியின் அமைப்பைத் திருக்கோயிலின் அமைப்போடு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுர வாயில். வர்ணத்தில் சந்நிதியின் வளாகம். பதத்தில் கருவறையின் அமைதி. இறுதியில் தில்லானா, ஆரவாரத்துடன் காட்டப்பெறும் கர்ப்பூர ஆரத்தி. அலாரிப்பு உடலைத் தளர்த்துவதோடு அதன் வழியாக மனத்தையும் தளர்த்தி ஆயத்தம் செய்கிறது என்பதும் அவர் கருத்து. ஆரவாரத்தினின்றும் அமைதிக்கு மனத்தைப் படிப்படியாக அழைத்துச் செல்லும் பயிற்சி, கச்சேரியின் வரிசையிலேயே அமைந்திருத்தலை இவ்வுரையால் உணரலாம்.

வைணவ அன்பர்கள் இதற்கு மற்றொரு சான்றை நேரிற் கண்டிருப்பர். திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய திவ்யதேசங்களில் நிகழும் அரையர் சேவையில், முத்துக்குறி என்னும் பகுதி உண்டு. அதில் தாய், மகள், குறிசொல்லும் கட்டுவிச்சி ஆகிய மூவர் நிலையையும் அரையர் ஒருவரே ஏற்று அபிநயிப்பார். வேடம் மாற்றுவதில்லை, திரை விழுவதில்லை. தலையிற் குல்லாயும் கையிற் தாளமுமே துணை. தாயின் கவலையை முற்ற விட்டாலன்றி மகளின் ஏக்கம் வாராது. மகளின் ஏக்கத்தை விட்டாலன்றிக் கட்டுவிச்சியின் துணிவு வாராது. பற்றவும், பற்றியதை விடவும் மனம் பழகியிருத்தலே அங்கு வேடமாகிறது.

இக்கால ஆய்வு

இத்தகைய மனப்பயிற்சியை இக்காலத்து அறிஞர்கள் வேறொரு வாயிலாக அணுகினர். 1979-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஜின் என்பார், தீராத வலியால் வருந்தும் நோயாளிகளுக்கெனப் பௌத்த தியானத்தையும் யோகத்தையும் தழுவிப் பயிற்சி ஒன்றை வகுத்தார். ஆங்கிலத்தில் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ எனப்படும் மனவிழிப்பே அதன் உயிர்நாடி. நாளடைவில் அது விளையாட்டு வீரரிடையேயும் இசை, நடனக் கலைஞரிடையேயும் பரவிற்று. 1990-இல் தோன்றிய நடன மருத்துவ அறிவியல் பன்னாட்டுச் சங்கம், ஆடுவோரின் உடற்காயங்களோடு அவர்தம் மனநலத்தையும் ஆராய்ந்து வருகிறது.

இப்பயிற்சிகள் எளியவை. மேடை ஏறுமுன் பாதங்கள் தரையிற் படிந்திருப்பதை உணர்ந்து, சில முறை மெல்ல மூச்சை இழுத்து விடுதல் முதலாவது. நெஞ்சு படபடத்தால் அதனை விரட்ட முயலாமல், உடல் ஆயத்தமாகும் அடையாளம் என்று அறிந்து நிற்றல் வேண்டும். ஆடலின் தொடக்கத்தில் நிலமகளை வணங்கும் வழக்கத்தைச் சடங்கென ஒதுக்காமற் செய்வோருக்கு இது புதிதன்று.

இரண்டாவது அகப்பயிற்சி. கண்மூடி அமர்ந்து, பாட்டையும் தாளத்தையும் உள்ளத்திலே ஓடவிட்டு, ஆடலை முழுவதும் மனத்தால் ஆடிப் பார்த்தல். உண்மையில் அசையும்போது மூளையில் இயங்கும் பகுதிகளிற் பல, அசைவை எண்ணும்போதும் இயங்குகின்றன என்பது ஆய்வாளர் கண்ட செய்தி. காலிற் காயமுற்று ஓய்விலிருப்போருக்கு இது பெருந்துணை.

மூன்றாவதே மிக முக்கியமானது. ஆடுகையில் ஒரு பிழை நேர்ந்தால் மனம் அப்பிழையின் பின்னே ஓடுகிறது. அதனால் அடுத்த ஆவர்த்தனமும் பாழாகிறது. அவ்வேளையில் மிருதங்கத்தின் ஒலியையோ பாட்டின் ஒரு சொல்லையோ கொழுகொம்பாகப் பற்றி மனத்தை மீட்டல் வேண்டும். மனம் அலைதல் குற்றமன்று. அலைந்த மனத்தை மீண்டும் மீண்டும் கொணர்வதே பயிற்சி. கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், மனத்தை அடக்குதல் காற்றை அடக்குதல்போல் அரிது என்று பார்த்தன் முறையிட்டபோது, பகவானும் அதன் அருமையை மறுக்கவில்லை. பழக்கமும் பற்றின்மையுமே வழி என்று அருளிச்செய்தான்.

ஆசிரியர் கையிலுள்ள கழி

மாணவரின் மனம் எவ்வண்ணம் அமையும் என்பது பெரும்பாலும் ஆசிரியர் கையில் உள்ளது. தட்டுக்கழி பலகையைத் தட்டுதற்கென அமைந்தது. அதன் ஒலி காலத்தைக் காட்டுகிறது. அதுவே அச்சத்தின் கருவியாகவும் ஆகலாம். அடியாலும் இகழ்ச்சியாலும் கால்களை விரைவில் திருத்திவிடலாம் என்று எண்ணுவோர் உளர். அங்ஙனம் பயின்ற சிறுமியின் செவி தாளத்தைக் கேட்பதில்லை. ஆசிரியரின் சினத்தையே எதிர்நோக்கி நிற்கிறது. “நான் எப்படித் தோன்றுகிறேன்?” என்னும் அந்த இரண்டாவது ‘தான்’ அவ்விடத்தேதான் விதைக்கப்படுகிறது. பிற்காலத்தில் அவள் எத்துணைப் பெரிய சபையில் ஆடினும், முன்வரிசையில் அச்சினமே அமர்ந்திருக்கும்.

1908-ஆம் ஆண்டில் யெர்க்ஸ், டாட்சன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள், சிற்றெலிகளுக்கு ஒளி வேறுபாட்டைக் கண்டறியக் கற்பித்து, தவறியபோது மின் அதிர்ச்சி அளித்துச் சோதித்தனர். கடினமான பாடத்தில், அதிர்ச்சி ஓரளவுக்கு மேல் மிகுந்தபோது கற்றல் தாமதமாயிற்று. எலிக்குக் கண்டதை மனிதர்க்கு அப்படியே பொருத்துதல் ஆகாது. ஆயினும் கடுமை கூடக் கூடக் கல்வி கூடும் என்னும் நம்பிக்கை, அந்த எளிய உயிரிடத்தும் மெய்ப்படவில்லை என்பது ஆசிரியர்கள் எண்ணத் தக்கது.

கண்டிப்பு வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. பிழையைப் பிழை என்று சொல்லாத ஆசிரியர் கலைக்குத் துரோகம் செய்பவர். “இந்த அடவில் குதிகால் ஒலிக்கவில்லை” என்பது கண்டிப்பு. “உனக்கு இது வாராது” என்பது இகழ்ச்சி. முன்னது மனத்தைச் செயலிடம் சேர்க்கிறது. பின்னது செயலினின்றும் பிரித்து ‘நான்’ என்பதனிடம் கட்டுகிறது. அவ்வாறு சொல்ல வல்லவராவதற்கு, ஆசிரியர் முதலில் தம் சினம் எழுவதைத் தாமே காணப் பழக வேண்டும். மாணவரின் பயிற்சி ஆசிரியரிடத்திலேயே தொடங்குகிறது.

எதன்பொருட்டு?

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. ஒருமுகப்பட்ட மனம் நல்லோர்க்கே உரியதன்று. மீனைக் குறிவைத்து ஒற்றைக்காலில் நிற்கும் கொக்குக்கும் உண்டு. மனப்பயிற்சியால் அச்சம் நீங்கிய கலைஞர், செருக்கும் போட்டியும் மிக்கவராய் விளங்கவும் கூடும். அங்ஙனமாயின் இப்பயிற்சியால் விளையும் நன்மை யாது?

பயிற்சி ஒன்றே போதாது என்பதே விடை. விழிப்பு எதனை நோக்கியது என்பதும் கேட்கப்பட வேண்டும். எம்பெருமானார் தம் கீதா பாஷ்யத்தில் விளக்கியருளிய மூவகைத் தியாகம் இங்கு வழிகாட்டுகிறது. ‘நானே செய்கிறேன்’ என்னும் எண்ணத்தை விடுதல், ‘இது என்னுடையது’ என்னும் எண்ணத்தை விடுதல், பயனை விடுதல் ஆகிய மூன்றுமே அவை. ஆடுவோர்க்கு இவற்றைப் பொருத்திப் பார்க்கலாம். கலை ஆசிரியர் வழியாக வந்தது. உடலும் தாளமும் அருளப்பட்டவை. கைத்தட்டல் வரலாம், வாராமலும் போகலாம். இவ்வாறு தெளிந்தவரிடம் அச்சத்திற்கு இடமில்லை. அச்சத்தின் மறுமுகமாகிய செருக்கிற்கும் இடமில்லை. தியாகம் என்பது செயலை விடுதலன்று என்பதும் பாஷ்யத்தால் விளங்குவதே. ஆகவே ஆடுவோர் பயிற்சியைக் குறைத்துக்கொள்ள இது சாக்காகாது.

சந்நிதியில் நெடுநேரம் வரிசையில் நின்று, திரை விலகும் வேளையில் காலணியையோ வண்டி நேரத்தையோ எண்ணி நிற்கும் மனத்தை அறியாத யாத்திரிகர் இலர். அவர்க்கும் உரியது இதே பயிற்சியே. அலைந்த மனத்தை வையாமல், அருகிருந்து அழைத்து, திருவடியிற் கொணர்ந்து நிறுத்துதல் வேண்டும். மாலையில் மண்டபத்தில் சலங்கை ஒலிக்கும்போது, ஆடும் இளம்பெண்ணின் பிழையை எண்ணாமல், அவள் பிழையினின்றும் மீண்டு வரும் அழகைக் காண்போர், அவளுக்கும் தமக்கும் ஒருங்கே நன்மை செய்தவர் ஆவர்.